இடது ஓரத்துப் பெட்டிகள்

மே 10, திங்கள்

உறுதியான தகவல்: ஜூலை 1 முதல் தென்காசிச் செய்திகளை நான் அனுப்புவேனா, வேறொருவர் அனுப்புவாரா என்பதை அலுவலகம் ஜூன் 30 அன்று முடிவு செய்யும். ஆதாரம்: செய்தி ஆசிரியர் ஜான் தேவசகாயம், திருநெல்வேலியிலிருந்து தொலைபேசியில், காலை 10.20.

"அண்ணாச்சி, எனக்கு இதுல இஷ்டமில்ல. மேல இருந்து கேக்காங்க. அதுவரைக்கும் தினம் செங்கானாறு அணை நீர்மட்டம் மட்டும் அனுப்புங்க. அது பிசகாம வந்துச்சுன்னா நான் உங்களுக்காகப் பேசுதேன்" என்றார்.

பின்னணி: ஏப்ரல் 9 அன்று எனக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் வலப்பக்கத்தில் அடைப்பு. பதினொரு நாள் மருத்துவமனை. இப்போது இடது கையில் சற்றுப் பலவீனம். பேச்சு, நினைவு, பார்வை எல்லாம் சரி. ஆதாரம்: நான். மருத்துவர் இன்னும் ஏதோ நீளமாக விளக்கினார். அதை ஆவுடை குறித்துக்கொண்டாள்.

ஆவுடை என் மனைவி. வீட்டின் முன்னறையில் டி.டி.பி. சென்டர் நடத்துகிறாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கல்லூரி மாணவர்களின் புராஜெக்ட் எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போகும். அங்கிருந்த இரண்டாவது கணினியை எனக்கு ஒதுக்கியிருக்கிறாள்.

தினமும் நோட்டில் ஒரு பக்கமாவது எழுத வேண்டும் என்பது மருத்துவமனைப் பயிற்சியாளர் ரஹ்மத் நிஷாவின் உத்தரவு. இருபத்தேழு வருடம் நிருபராக இருந்தவனுக்கு இது ஒரு பயிற்சியா?

எழுதும்போது ஆவுடை எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ஏன் பக்கத்தோட நடுவுல இருந்து எழுதுதீங்க?"

எங்கே தொடங்குவது என்பதை எழுதுகிறவன்தான் முடிவு செய்ய வேண்டும்.


மே 11, செவ்வாய்

இந்தக் கணினியில் ஒரு வசதி இருக்கிறது. திரையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பட்டி நிற்கும். அதில் சின்னச் சின்னப் பெட்டிகளை நம் விருப்பப்படி அடுக்கலாம். பக்கப்பட்டி என்கிறாள் ஆவுடை. பெட்டிகளுக்கு கேஜெட் என்று பெயராம். நாளிதழில் பெட்டிச் செய்தி போடுவது மாதிரிதான். எனக்குப் புரியாத விஷயம் அல்ல.

வந்தபோது அதில் தேவையில்லாதவை நிறைய இருந்தன. கணினி எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று காட்டும் மீட்டர், படத்தைத் துண்டு துண்டாக்கி அடுக்கும் விளையாட்டு. இரண்டையும் தூக்கினோம். என் காலை வேலையின் வரிசைப்படி ஆறு பெட்டிகளை வைத்தேன்: கடிகாரம், குறிப்புத்தாள், வானிலை, இன்னொரு வானிலை, தேதி, புகைப்படம்.

குறிப்புத்தாளில் தினமும் யாரை எப்போது அழைக்க வேண்டும் என்று எழுதிவைத்தேன். 6.30 அணை. 7.00 காவல் நிலையம். 7.20 தீயணைப்பு நிலையம். 8.00 அரசு மருத்துவமனை. இருபத்தேழு வருடமாக இந்த வரிசை மாறவில்லை. இப்போதைக்கு முதல் அழைப்பு மட்டும்தான் எனக்கு.

"எதுக்கு ரெண்டு வானிலை?" என்றாள்.

"ஒண்ணு திருநெல்வேலி. இன்னொண்ணு கொல்லம். கொல்லத்துல மழைன்னா மலையைத் தாண்டிச் சாயங்காலம் நமக்குச் சாரல். அதைப் பாத்துதான் குற்றாலத்துக்கு ஆள் வருமா வராதான்னு எழுதணும்."

"இது தெரியாமத்தான் நான் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேனாக்கும்" என்றாள். கொல்லத்தை அவளே தட்டச்சு செய்து சேர்த்தாள்.

புகைப்படப் பெட்டிக்கும் அவளே ஒரு படம் தேர்ந்தெடுத்தாள். நான் கல்யாண மாலையோடு தனியாக நிற்கும் படம். ஏன் என் தனிப்படத்தைப் போட்டாய் என்று கேட்டேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.


மே 14, வெள்ளி

கடிகாரப் பெட்டியில் மென்பொருள் பிழை இருக்கிறது. ஒவ்வொரு மணியும் முதல் முப்பது நிமிடம் சரியாக ஓடுகிறது. ஆறாம் எண்ணைத் தாண்டியதும் பெரிய முள்ளைக் காணவில்லை. அடுத்த மணி பிறந்ததும் வந்துவிடுகிறது. மூன்று மணி நேரம் கவனித்து உறுதி செய்தேன்.

கைக்கடிகாரத்திலும் இதே பிழை. ஒரே வாரத்தில் இரண்டு கடிகாரங்கள் பழுதானது தற்செயல்.


மே 17, திங்கள்

அணையைக் கண்காணிக்கும் லஸ்கர் பேச்சிமுத்து காலை 6.30-க்கு அளவுகோலைப் பார்த்துச் சொன்னான்: 102.50 அடி. முழு உயரம் 132. குறிப்புத்தாள் பெட்டியில் எழுதினேன். அதைப் பார்த்து மின்னஞ்சலில் தட்டச்சு செய்து அனுப்பினேன். இது நேற்று நடந்தது.

இன்று நாளிதழில் 2.50 அடி என்று வந்திருக்கிறது.

காலையிலிருந்து பதினான்கு அழைப்புகள். ஆயக்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டது: "அண்ணாச்சி, ஒரே ராத்திரியில நூறு அடித் தண்ணிய யாரு குடிச்சா? நீங்களா, கலெக்டரா?"

ஜானை அழைத்து, அங்கே யாரோ எண்ணை விழுங்கிவிட்டார்கள் என்றேன். அவர் என் மின்னஞ்சலைத் தேடி எடுத்தார். பிறகு, "உங்க மெயில்லயே ரெண்டு புள்ளி அஞ்சுன்னுதான் அண்ணாச்சி இருக்கு" என்றார்.

மின்னஞ்சல் போகும் வழியில் எழுத்து உதிர்வது உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உறுதி செய்ய வேண்டும்.


மே 19, புதன்

பயிற்சி. ரஹ்மத் நிஷா ஒரு தாளைக் கொடுத்தார். அதில் குட்டிக் குட்டிக் கோடுகள். எல்லாவற்றையும் குறுக்கே அடிக்கச் சொன்னார். அடித்தேன். ஒன்றையும் விடவில்லை.

"மொத்தம் முப்பத்தாறு சார். நீங்க அடிச்சது பத்தொன்பது."

தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். அடிக்காத கோடுகள் பதினேழு இருந்தன. அவர் தாளை மாற்றும்போது நான் கவனிக்கவில்லை.

வீட்டில் காலைச் சாப்பாடு. இட்லியை முடித்துவிட்டு இன்னும் பசிக்கிறது என்றேன். ஆவுடை என் தட்டை அரைச் சுற்றுத் திருப்பினாள். இரண்டு இட்லி இருந்தது. சத்தமில்லாமல் பரிமாறக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.


மே 24, திங்கள்

பக்கப்பட்டியைக் காணவில்லை.

காலை 6.20-க்குக் கணினியைப் போட்டேன். ஆறு பெட்டியும் போயிருந்தன. அணையை அழைக்க மணி பார்க்கக் கடிகாரமில்லை, எண்ணை எழுத இடமில்லை. ஆவுடையைக் கூப்பிட்டேன்.

"எதையாவது அழிச்சியா?"

"நான் எதையும் அழிக்கல. நகர்த்தி வச்சிருக்கேன்."

"எங்க?"

"தேடுங்க. நிருபர்தான நீங்க."

தேடினேன். மேலே, கீழே, வலது ஓரம். திரையை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். பொறுமை போனது. சத்தம் போட்டேன் என்பதையும் பதிவு செய்கிறேன். அவள் நாற்காலியை இழுத்து என் இடப்பக்கம் உட்கார்ந்தாள். எனக்கு அவள் குரல் மட்டும் கேட்டது.

"என் பக்கம் திரும்புங்க."

திரும்பினேன்.

"இன்னும்."

"திரும்பியாச்சு."

"இல்ல. இன்னும். கழுத்து போதும்னு சொல்லுத வரைக்கும்."

கழுத்து இழுக்கும் வரை திரும்பினேன். அங்கே திரையில் இன்னொரு பாதி இருந்தது. அதன் ஓரத்தில் ஆறு பெட்டியும் வரிசையாக நின்றன. அவற்றுக்கு அப்பால் ஆவுடை. அழுதிருக்கிறாள்.

"ரஹ்மத் நிஷா மேடம்தான் சொன்னாங்க" என்றாள். "கண்ணு நல்லாத்தான் இருக்காம். மூளைதான் இடப்பக்கம்னு ஒண்ணு இருக்குங்கதையே கணக்குல எடுத்துக்க மாட்டேங்குதாம். அப்படி ஒரு பக்கம் இல்லைன்னே உங்களுக்குத் தோணுமாம். ஆஸ்பத்திரியிலயே டாக்டர் உங்ககிட்டச் சொன்னாரு. நீங்க தலைய ஆட்டுனீங்க."


மே 25, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.


மே 26, புதன்

எழுத ஒன்றுமில்லை. நீர்மட்டத்தை ஆவுடை அனுப்பினாள்.


ஜூன் 2, புதன்

ஒரு வாரமாக ஆவுடை பக்கப்பட்டியைத் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய விதி ஒன்றுதான்: எது இல்லாமல் என்னால் இருக்க முடியாதோ அது இடது ஓரத்துக்குப் போகும். வலப்பக்கத்தில் ஒன்றும் இருக்காது. நான் அங்கே பார்த்துக்கொண்டிருந்தால் வெறும் நீலம்தான்.

பட்டியின் வெளி விளிம்பில், திரையின் கடைசி ஓரத்தில், விரல் அகலத்துக்குச் செக்கச் செவேலென்று ஒரு கோடு போட்டிருக்கிறாள். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்குப் பயன்படுத்தும் கறுப்புக் கரையை எடுத்து நிறம் மாற்றினாளாம்.

"எந்த வரியப் படிச்சாலும் முதல்ல சிவப்பத் தொடணும். கண்ணு சிவப்பத் தொடலைன்னா அந்த வரி படிச்சதா கணக்கில்ல."

"கண்ணால எப்படித் தொடுவாங்க?"

"அப்ப விரலால தொடுங்க."

விரலால் தொட்டேன். ஒவ்வொரு வரிக்கும் சிவப்பு, பிறகு எழுத்து. முதல் பத்திக்கு ஏழு நிமிடம் ஆனது. நான் பதினெட்டு வயதில் தட்டச்சுப் பள்ளியில் இதைவிட வேகமாக இருந்தேன்.

இந்த நாட்குறிப்பின் எல்லாப் பக்கங்களிலும் இடது ஓரத்தில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் கோடு கிழித்து வைத்திருக்கிறாள். இந்த வரி அந்தக் கோட்டிலிருந்து தொடங்குகிறது.


ஜூன் 6, ஞாயிறு

இன்று நானே ஒரு யோசனை சொன்னேன். வானிலை இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்ததால், மேலே உள்ளதைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடிவிடுகிறேன். நடுவில் புகைப்படப் பெட்டியை வைத்தால் கண் அங்கே கொஞ்சம் நிற்கும். வைத்தோம். பெட்டியைப் பெரிதும் ஆக்கினோம்.

எண்களுக்கு இன்னொரு முறை. குறிப்புத்தாளில் எண்ணுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுகிறேன். நட்சத்திரம் கண்ணில் பட்டால்தான் எண் முழுதாகப் பட்டது என்று பொருள். ★104.80. பேச்சிமுத்துவிடம் திரும்பப் படித்துக் காட்டுகிறேன். "அண்ணாச்சி, இருபத்தேழு வருசத்துல நீங்க திரும்பப் படிச்சதே இல்ல, என் மேல சந்தேகமா?" என்கிறான். உன் மேல் இல்லை என்றேன்.


ஜூன் 9, புதன்

படத்தில் ஆவுடை இருக்கிறாள்.


ஜூன் 14, திங்கள்

திருத்தம்

மே 11 பதிவில் புகைப்படப் பெட்டியில் இருப்பது என் தனிப்படம் என்று குறிப்பிட்டிருந்தேன். அது எங்கள் கல்யாணப் படம். மணப்பெண் மணமகனின் வலப்பக்கம் நிற்பது வழக்கம் என்பதால் படத்தைப் பார்ப்பவருக்கு அவள் இடது பாதியில் இருப்பாள். பச்சைப் பட்டு, கையில் எலுமிச்சம்பழம், முகத்தில் எரிச்சல். புகைப்படக்காரர் நேரம் கடத்தியதால் வந்த எரிச்சல் என்று அவளே இன்று உறுதி செய்தாள்.

மே 14 பதிவில் சொன்ன கடிகாரப் பிழை மென்பொருளில் இல்லை. நேற்று காலை 9.40-க்குப் பெரிய முள்ளை எட்டின் மேல் பார்த்தேன்.

மே 17 பதிவில் சொன்ன எண்ணை யாரும் விழுங்கவில்லை. நான்தான் விட்டேன். ஜானை அழைத்து இதைச் சொன்னேன். "தெரியும் அண்ணாச்சி" என்றார். "நீங்களா எப்பச் சொல்லுவீங்கன்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்."

மே 10 பதிவில் என்னை ஆதாரமாகக் காட்டியிருந்தேன். ஒற்றை ஆதாரத்தை நம்பி எழுதியதற்கு வருந்துகிறேன்.


ஜூன் 18, வெள்ளி

தேநீர்க் கடை வாசலில் வைத்திருந்த பலகையில் மோதி இடது தோளில் காயம். கடைக்காரர், "பலகை பத்து வருசமா அங்கதான நிக்கி அண்ணாச்சி!" என்றார். திரையில் சிவப்புக் கோடு இருக்கிறது. தெருவில் இல்லை.

ரஹ்மத் நிஷா சொன்னது: முழுதாகத் திரும்புமா என்பது தெரியாது. திரும்பாவிட்டாலும், தானாகக் கிடைத்ததை இனி தேடி எடுக்கப் பழகலாம். தலையைத் திருப்புவது மூச்சு விடுவது மாதிரி ஆக வேண்டும்.


ஜூன் 23, புதன்

பத்து நாளாகப் பருவமழை வெளுத்து வாங்குகிறது. அணை ★121.30. இந்த மாதம் நீர்மட்டத்தில் ஒரு பிழையும் இல்லை.

ஆவுடை பக்கப்பட்டிக்கு ஏழாவதாக ஒரு பெட்டி செய்திருக்கிறாள். வாங்கவில்லை, இணையத்திலிருந்து இறக்கவில்லை, அவளே செய்தது. கடிகாரப் பெட்டியின் கோப்பை நோட்பேடில் திறந்து, எந்த வரி எதைச் செய்கிறது என்று ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாளாம். நாலு நாள் ஆனது. இடையில் ஒரு காதுகுத்துப் பத்திரிகை தாமதமாகி, தாய்மாமன் நேரில் வந்து சண்டை போட்டார்.

பெட்டியில் ஒரு நெட்டைக் குழாய். அதில் நீலமாகத் தண்ணீர். நீர்மட்டத்தைத் தட்டினால் தண்ணீர் அந்த அளவுக்கு ஏறும். 125-ஐத் தாண்டினால் மஞ்சள், 130-ஐத் தாண்டினால் சிவப்பு. இடம் வலம் என்ற பேச்சே இல்லை. மேலே, கீழே மட்டும். எனக்கு மேலும் கீழும் எப்போதும் குழம்பியதில்லை.

"எனக்காகச் சுலபமாக்காதே" என்றேன்.

"உங்களுக்குன்னு யாரு சொன்னா? நீங்க தட்டுத நம்பரும் தண்ணியும் ஒத்துப்போகுதான்னு நான் தூரத்துல இருந்தே பாத்துக்கிடுவேன். வாசல்ல ஆள் நிக்கும்போது உங்க பக்கத்துல வந்து உக்கார முடியுமா?"


ஜூன் 28, திங்கள்

அணை ★129.60. நாளை காலை 11 மணிக்கு அணைப் பிரிவு அலுவலகத்தில் செய்தியாளர் சந்திப்பு. உபரிநீர் திறக்கும் நேரத்தை அறிவிப்பார்கள். ஜானிடம், நான் போகிறேன் என்றேன்.

"நீர்மட்டம் மட்டும்னுதான பேச்சு?"

"நாளைக்கு நீர்மட்டம் அங்கதான் இருக்கு."

அவர் சிரித்தார். பிறகு குரல் மாறியது. "அண்ணாச்சி, நாளன்னைக்கு முடிவு. நாளைக்கு ஒரு தப்பு வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. போகாம இருந்தா ஒரு மாசக் கணக்கு சுத்தமா இருக்கு. யோசிச்சுக்கோங்க."

யோசித்தேன். போகிறேன்.


ஜூன் 29, செவ்வாய்

மருத்துவர் வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லியிருப்பதால் ஆவுடையின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். கடையைப் பூட்டி, "உரிமையாளர் அணையில் இருக்கிறார்" என்று அச்சடித்து ஒட்டிவிட்டு வந்தாள்.

என்னைத் தவிர நாலு நிருபர்கள். உதவிப் பொறியாளர் அறிக்கையைப் படித்தார்: நீர்மட்டம் 130.90. மாலை 4 மணிக்கு மதகுகள் வழியாக வினாடிக்கு 1,420 கன அடி திறக்கப்படும். ஆற்றோரக் கிராமங்களுக்கு எச்சரிக்கை. ஊர்ப் பட்டியல் இணைப்பில் இருக்கிறது. அலுவலக நகல் இயந்திரம் பழுது என்பதால் கீழே ஒரு ஜெராக்ஸ் கடையில் நகல் எடுத்திருந்தார்கள். ஆளுக்கு இரண்டு தாள்.

முதல் தாளை வழக்கப்படி படித்தேன். சிவப்புக் கோடு இல்லாததால் இடது கட்டைவிரலைத் தாளின் ஓரத்தில் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் விரலைத் தேடிப் போய்த் திரும்பினேன். சரியாக இருந்தது.

இரண்டாவது தாளில் ஒரு கட்டம். உள்ளே ஐந்து ஊர்ப் பெயர்கள். வலப்பக்கம் கட்டத்தின் கோடு இருந்தது. மேலே இருந்தது, கீழே இருந்தது. இடப்பக்கம் என் விரல் வரைக்கும் போனேன். கோடு இல்லை. ஒரு மாதமாக நான் காண்பது எல்லாம் பெட்டிதான். நாலு பக்கமும் மூடாத பெட்டியை நான் பார்த்ததில்லை.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். தாளைத் தலைகீழாகத் திருப்பினேன். இப்போது அந்தப் பக்கம் எனக்கு வலது. அங்கும் கோடு இல்லை. ஆக, இது நான் விட்டது அல்ல.

"சார், இந்தக் கட்டத்தோட இடப்பக்கம் எங்க?" என்றேன்.

உதவிப் பொறியாளருக்குப் புரியவில்லை. "என்னது?"

மாசானம் இன்னொரு நாளிதழின் நிருபர். பதினைந்து வருடப் பழக்கம், பதினைந்து வருடப் போட்டி. அவர் பொறியாளரின் காதில் சொல்வது போல எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "அண்ணாச்சிக்கு உடம்புக்கு முடியாமப் போச்சுல்லா, அதுல இருந்து இடப்பக்கம் தெரியாது. விடுங்க சார்."

ஒருவர் சிரித்தார். ஆவுடை வாசலில் நின்றாள். அவள் உள்ளே வர ஓர் அடி எடுத்து வைத்தது தெரிந்தது. அவள் நின்றது என் இடப்பக்கம் என்பது இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும் மாசானம். அதனாலதான் தடவிப் பாக்கேன்" என்றேன். "உங்களுக்குத் தெரியும்லா. நீங்க பாத்துச் சொல்லுங்க."

அவர் தாளைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

மூலத் தாளைக் கொண்டுவரச் சொன்னேன். எழுத்தர் கோப்பிலிருந்து எடுத்து வந்தார். அது படுக்கைவாக்கில் அச்சடித்த தாள். ஊர்ப் பெயர்கள் இரண்டு நெடுவரிசைகளில். கடையில் வைத்து எடுத்தபோது இடது வரிசை ஜெராக்ஸ் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டது. அதில் நாலு ஊர்கள்: மேலக்குறுவை, கீழக்குறுவை, சாத்தான்படுகை, ஆலடித்துறை. சாத்தான்படுகைக்குப் போகத் தரைப்பாலம் ஒன்றுதான் வழி. ஆயிரம் கன அடி வந்தாலே அது முங்கும். ஆதாரம்: பேச்சிமுத்து, அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

"கிராம நிர்வாக அலுவலர்களுக்கு எந்தத் தாள் போச்சு?" என்றேன்.

பொறியாளர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர்தான் சொன்னார். "இதே நகல்தான் சார். காலையிலயே கொடுத்தாச்சு."

மணி 11.25. நாலு ஊருக்கும் தண்டோரா போடவில்லை. பொறியாளர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. வட்டாட்சியரை அழைத்தார். அவர் பேசப் பேச நான் நேரத்தோடு குறித்துக்கொண்டேன். 11.40, நாலு ஊருக்கும் ஆள் புறப்பட்டது. 12.15, ஆலடித்துறையில் தண்டோரா. 1.30, தரைப்பாலத்தில் போக்குவரத்து நிறுத்தம். மறுகரையில் நாற்றங்காலில் இருந்த பெண்கள் இருபத்தொரு பேர் அதற்குள் இக்கரைக்கு வந்துவிட்டார்கள். திறப்பு 4 மணிக்குப் பதில் 5 மணிக்கு.

வெளியே வரும்போது மாசானம் என் அருகே வந்தார். வலப்பக்கம் வந்தார், கவனித்தேன். "அண்ணாச்சி, நான் அஞ்சு ஊருன்னு எஸ்எம்எஸ் அடிச்சு அனுப்பிட்டேன். நீங்க கேக்கதுக்கு முன்னாடியே."

"இப்ப ஒன்பதுன்னு அனுப்புங்க."

"அனுப்பிட்டேன்." கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். "அங்க வச்சுச் சொன்னது தப்பு."

"தகவல் சரிதான. சொன்ன இடந்தான் தப்பு" என்றேன்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு வரிக்கும் சிவப்பைத் தொட்டுப் படித்து, 2.50-க்கு அனுப்பினேன். ஒன்பது ஊர்ப் பெயர்களையும் ஆவுடை உரக்கப் படித்தாள், நான் திரையில் சரிபார்த்தேன். ஒன்பதும் இருந்தன. எழுபத்தாறு வரிகள். ஏப்ரலுக்குப் பிறகு என் முதல் முழுச் செய்தி.

அனுப்பியதும் ஆவுடை, "பசிக்கலையா?" என்றாள். காலையிலிருந்து இருவரும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓட்டலில் பரோட்டா வாங்கி வந்தாள். என் தட்டை நானே திருப்பிக்கொண்டேன்.


ஜூன் 30, புதன்

உறுதியான தகவல்: ஒன்பது ஊர்களிலும் உயிர்ச்சேதம் இல்லை. தரைப்பாலத்தின் மேல் நேற்று மாலை 6.10 முதல் மூன்றரை அடித் தண்ணீர் போகிறது. ஆதாரம்: வட்டாட்சியர், காலை 7.05. சாத்தான்படுகையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் சொன்னது: "மாடு மூணையும் கரையேத்திட்டோம் ஐயா. பேப்பர்ல எங்க ஊர்ப் பேரு வந்திருக்குன்னு வாத்தியார் காட்டுனாரு. இதுக்கு முன்னாடி தேர்தலுக்குத்தான் வரும்."

முதல் பக்கத்தில் வந்திருக்கிறது. பெயர் போடும் வழக்கம் எங்கள் நாளிதழில் இல்லை. 'நமது நிருபர்' என்று இருக்கிறது. அந்த இரண்டு சொற்களையும் இடமிருந்து வலமாகப் படித்தேன்.

இரண்டாவது தகவல்: ஜூலை 1 முதல் தென்காசிச் செய்திகளை நானே அனுப்புவேன். ஆதாரம்: ஜான் தேவசகாயம், காலை 11.30. கூட்டம் நான்கு நிமிடம் நடந்ததாம். "நான் பேசவே வேண்டியிருக்கல அண்ணாச்சி. பேப்பரத்தான் மேசையில போட்டேன்" என்றார். பிறகு, "மதினியக் கூப்பிடுங்க" என்றார். ஆவுடையிடம் அந்தக் குழாய்ப் பெட்டியைத் தலைமை அலுவலகக் கணினியிலும் போட முடியுமா, மாவட்டத்து அணைகள் எல்லாவற்றுக்கும் வரிசையாக வேண்டும் என்று கேட்டார். அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு போனில் சொன்னாள்: "முடியும் தம்பி. ஆனா இடது ஓரத்துலதான் வைப்பேன்."

நிலுவையில் உள்ளவை:

அலுவலகத்தின் எழுத்து மூலமான உத்தரவு. வெள்ளிக்கிழமைத் தபாலில் வரும்.

நகல் தவறு பற்றிய அணைப் பிரிவின் விசாரணை. அறிக்கை ஜூலை 12-ஆம் தேதி எதிர்பார்க்கப்படுகிறது.

ரஹ்மத் நிஷாவின் அடுத்த சோதனை ஜூலை 7, காலை 10 மணி. வண்டி ஓட்டுவது பற்றி மருத்துவர் அக்டோபரில் சொல்வார். அனுமதி கிடைக்காமலும் போகலாம்.

அணை இன்னும் நிரம்பவில்லை. ★131.20. இன்னும் பத்து அங்குலம். மேற்கே வானம் கறுத்திருக்கிறது. நிரம்பினால் அது நான்கு வருடத்தில் முதல் முறை. பேச்சிமுத்து அளவுகோலைப் பார்ப்பது நாளை, வியாழன், காலை 6.30.